தராசு முதல் ஆபீஸ் வரை: பைதன் புரோகிராமில் லொக் ஹேண்ட்லர்களை அமைக்கும் முழுமையான வழிகாட்டி

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கொழுந்து மடுவம், அதாவது பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. மாலை நிறுவை, வெளியே மழை. "ஐயா, எனக்கு இருபத்தி மூனு கிலோ வரும். மூனுன்னு போட்டிருக்கு" என்றார் ஓர் அக்கா. கணக்கப்பிள்ளை திரையைத் திருப்பிக் காட்டினார். 3.40 என்றுதான் இருந்தது. அந்தப் புரோகிராமை எழுதியவன் நான். புரோகிராம் தான் செய்வதை வரிவரியாகக் குறித்துவைக்கும் லொக் ஃபைலைத் திறந்து பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை.

மறுபடி நிறுத்து, சரியான எடையைப் பதிந்தார்கள். இல்லாவிட்டால் அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். ஆனால் எங்கே தவறியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. லொக் எழுதும் வரிகள் புரோகிராம் முழுக்க இருந்தன. அவற்றை ஃபைலுக்குக் கொண்டுபோகும் ஹேண்ட்லரைத்தான் நான் தப்பாக அமைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு ஹட்டனில் சில இளைஞர்களுக்கு இதே வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். அநேகமாக எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுந்தார்கள். அந்த இடங்களை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். ஹேண்ட்லரிலிருந்து தொடங்குகிறவர்கள் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வருகிறார்கள்.

உதாரணம் முழுக்க அந்த நிறுவைப் புரோகிராம்தான். அதில் மூன்று பகுதிகள். டிஜிட்டல் தராசிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையை வாசிப்பது ஒன்று. அதை எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தில் சேமிப்பது இன்னொன்று. இணைப்பு இருக்கும்போது தோட்ட ஆபீசுக்கு அனுப்புவது மூன்றாவது. எல்லாம் ரஸ்பெரி பை 4 என்ற கையளவுக் கணினியில் ஓடுகின்றன.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

பைதனின் பதிப்பைப் பாருங்கள். 3.8க்குக் கீழே என்றால் முதலில் அதை மாற்றுங்கள். 3.12 அல்லது அதற்கு மேல் இருந்தால் 8ஆம் படியில் உங்களுக்கு வேலை குறையும். லொக் எழுதும் லைப்ரரியான லொகிங் பைதனுடனேயே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம்.

லொக் ஃபைலுக்கு ஒரு தனி ஃபோல்டர் உருவாக்குங்கள். புரோகிராம் எந்தப் பயனர் பெயரில் ஓடப் போகிறதோ அந்தப் பெயருக்கு அதில் எழுதும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் பெயரில் ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள், கணினி எழும்பும்போது புரோகிராம்களைத் தொடக்கிவிடும் சிஸ்டம்டி வேறொரு பெயரில் ஓட்டும்போது அனுமதி இல்லை என்று புரோகிராம் எழும்பாமலே கிடக்கும். ஹேண்ட்லர் பிறக்கும்போதே ஃபைலைத் திறக்கப் பார்ப்பதால், இந்தத் தவறு புரோகிராமை முதல் விநாடியிலேயே விழுத்தும்.

மெமரி கார்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 6ஆம் படியில் அந்த எண் தேவைப்படும்.

2. வாசிக்கப் போவது யார் என்று முதலில் எழுதுங்கள்

ஒரு ஹேண்ட்லர் என்றால் ஒரு வாசகர். இதை மட்டும் மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் போய்விடும்.

எங்கள் புரோகிராமுக்கு மூன்று வாசகர்கள். மடுவத்தில் நிற்கும் கணக்கப்பிள்ளை முதலாமவர். அவருக்குத் திரையில் ஒரே ஒரு வரி போதும்: தராசு வேலை செய்கிறதா, இல்லையா. அடுத்தது நான். எனக்கு எல்லாம் வேண்டும், ஆனால் ஏதாவது பிழைத்தால்தான் பார்ப்பேன். மூன்றாமவர் தோட்ட ஆபீசில் கணினியைக் கவனிக்கும் தம்பி. அவருக்குப் பெரிய கோளாறு வந்தால் மட்டும் ஒரு மெயில் போக வேண்டும்.

ஆகவே கொன்சோல், ஃபைல், மெயில் என்று மூன்று ஹேண்ட்லர்கள். நான்காவது ஒன்றைச் சேர்க்கத் தோன்றினால் அதை யார் திறந்து பார்ப்பார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது வேண்டாம்.

3. லொகருக்குப் பெயர் வையுங்கள், ஹேண்ட்லரை இப்போது தொடாதீர்கள்

மொடியூல் என்றால் ஒரு பைதன் ஃபைல். லொகர் என்றால் அதில் எழுதும் லொக் வரிகளை வாங்கி ஹேண்ட்லருக்கு அனுப்புவது. ஒவ்வொரு மொடியூலின் தலையிலும் அந்த மொடியூலின் பெயரிலேயே ஒரு லொகரை எடுங்கள். கெட்லொகருக்கு இரட்டை அடிக்கோட்டு நேமைக் கொடுத்தால் போதும். தராசு என்ற பெக்கேஜுக்குள் வாசிப்பு என்ற மொடியூல் இருந்தால் லொகரின் பெயர் தராசு.வாசிப்பு என்று வரும். நடுவிலுள்ள புள்ளி வெறும் அழகுக்கு அல்ல. தராசு தாய், வாசிப்பு பிள்ளை, எல்லாவற்றுக்கும் மேலே ரூட். பிள்ளை எழுதியது தாய் வழியாக ரூட் வரை ஏறிப் போகும்.

அதனால்தான் ஹேண்ட்லரை மொடியூலுக்குள் மாட்டக் கூடாது. ரூட்டில் ஒரே ஒரு தடவை மாட்டினால் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது அங்கே வந்து சேரும்.

"அண்ணே, ஒவ்வொரு வரியும் ரெண்டு ரெண்டா வருது." நான் அதிகம் கேட்ட முறைப்பாடு இதுதான். வாசிப்பு மொடியூலில் ஒரு ஹேண்ட்லர், ரூட்டில் இன்னொன்று. ஒரே வரி இரண்டையும் தொட்டுப் போகிறது. உடனே யாராவது, வரி மேலே ஏறுவதைத் தீர்மானிக்கும் புரொப்பகேட்டை ஃபோல்ஸ் ஆக்கு என்பார்கள். இரட்டிப்பு நிற்கும், ஆனால் நாளைக்கு ரூட்டில் மெயில் ஹேண்ட்லரைச் சேர்க்கும்போது அந்த மொடியூலின் பிழை மட்டும் மெயிலுக்குப் போகாது. ஏன் என்று தேடி ஒரு நாள் போகும். மொடியூலில் உள்ள ஹேண்ட்லரைக் கழற்றுவதே சரியான வழி.

வரி மூன்று, நான்கு என்று கூடிக்கொண்டே போனால் காரணம் வேறு. ஹேண்ட்லரை மாட்டும் ஃபங்ஷனை எங்கேயோ லூப்புக்குள் கூப்பிடுகிறீர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக ஒரு ஹேண்ட்லர் சேரும். பழையது தானாகப் போகாது.

இன்னொரு சின்ன விஷயம். நேரடியாக ஓட்டும் ஃபைலில் லொகரின் பெயர் பெக்கேஜ் பெயராக வராது, மெயின் என்றுதான் வரும். தராசு என்ற பெயருக்கு மட்டும் மட்டத்தை மாற்றிவிட்டு, ஆரம்ப ஃபைலில் எழுதிய வரியைக் காணோம் என்று தேடாதீர்கள்.

4. மட்டம்: இரண்டு கதவுகள்

மட்டம் என்றால் ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்பதன் அளவு: டீபக் 10, இன்ஃபோ 20, வோர்னிங் 30, எரர் 40, கிரிட்டிக்கல் 50. பெயருக்குப் பின்னால் இருப்பது இந்த எண்கள்தான்.

ஒரு வரி ஃபைலுக்குப் போக இரண்டு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதலில் லொகரின் மட்டம், பிறகு ஹேண்ட்லரின் மட்டம். வரியின் எண் கதவின் எண்ணுக்குக் கீழே என்றால் கதவு விடாது. லொகருக்குத் தனியாக மட்டம் வைக்காவிட்டால் அது தாயின் மட்டத்தை எடுத்துக்கொள்ளும், கடைசியில் ரூட்டுக்குப் போய் நிற்கும். ரூட்டின் மட்டம் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் வோர்னிங்.

நான் விழுந்த குழி இதுதான். ஃபைல் ஹேண்ட்லரை டீபக்கில் வைத்தேன், ரூட்டைத் தொடவே இல்லை. தராசு வாசிப்பைப் பற்றிய வரிகள் எல்லாம் டீபக், இன்ஃபோ. முதல் கதவிலேயே எல்லாம் நின்றுவிட்டன. ஹேண்ட்லர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது, வருவதற்கு ஆள் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்றால், ரூட்டை டீபக்கில் வையுங்கள். வடிகட்டும் வேலையை ஹேண்ட்லர்களிடம் விடுங்கள். கொன்சோலுக்கு வோர்னிங், ஃபைலுக்கு டீபக், மெயிலுக்கு எரர்.

ரூட்டை டீபக்கில் வைத்ததும் நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரிகளும் பேசத் தொடங்கும். ஆபீசுக்கு அனுப்பும் பகுதியில் உள்ள யூஆர்எல்லிப்3 ஒவ்வொரு இணைப்புக்கும் வரி எழுதும். அந்தப் பெயருள்ள லொகரை மட்டும் வோர்னிங்கில் வையுங்கள். அதற்காக ரூட்டை உயர்த்தினால் பழைய குழியிலேயே மறுபடி விழுவீர்கள்.

5. ஃபோமெட்டர்: மின்வெட்டுக்குப் பிறகும் வாசிக்கக்கூடிய வரி

ஒரு வரியில் என்னென்ன வர வேண்டும் என்று சொல்வது ஃபோமெட்டர். நேரம், மட்டம், லொகரின் பெயர், செய்தி. இந்த நான்கும் கட்டாயம். ஒரே புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் பல திரெட்டுகள், அதாவது பல வேலைகள், ஓடினால் திரெட்டின் பெயரையும் சேருங்கள். ஃபங்ஷன் பெயர், வரி எண் எல்லாம் உங்கள் விருப்பம்.

நேரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரஸ்பெரி பை 4இலும் அதற்கு முந்தியவற்றிலும் கரண்ட் போன பின்னும் ஓடும் கடிகாரம் இல்லை. 5இல் உண்டு, ஆனால் அதற்கு பேட்டரியைத் தனியாக மாட்ட வேண்டும். கரண்ட் போய் வந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து கடிகாரம் தொடரும். இணைய இணைப்பு கிடைத்த பிறகுதான் சரியான நேரத்துக்குத் தாவும். மடுவத்தில் அந்த இணைப்பு மழை நாளில் சாயந்திரம் வரை வராமலும் போகலாம். ஆகவே மாலை நிறுவையின் வரிகளில் மதிய நேரம் இருக்கலாம். யாராவது கேள்வி கேட்கும் நாளில் அந்த ஃபைலைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கி மாட்டுவது நல்லதுதான். ஆனாலும் நேரத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தொடர் எண் கொடுங்கள். புரோகிராம் எழும்பும் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடும் ஓட்ட எண்ணை ஒரு சின்ன ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு அந்த ஓட்டத்துக்குள் 1, 2, 3 என்று ஏறும் வரி எண். கடிகாரம் பின்னால் போனாலும் எது முன், எது பின் என்பது தெரியும்.

ரிலேட்டிவ்கிரியேட்டட் என்று தயாராக ஒரு புலம் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அதுவும் அதே கடிகாரத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கிறது. கடிகாரம் தாவினால் அதுவும் தாவும்.

இந்த எண்ணை, ஒவ்வொரு வரியையும் சோதித்து விடுவதற்காக ஹேண்ட்லரில் மாட்டும் ஃபில்டரில் கூட்டாதீர்கள். மூன்று ஹேண்ட்லர் இருந்தால் ஒரே வரிக்கு எண் மூன்று தடவை கூடும். செட்லொக்ரெக்கோர்ட்ஃபெக்டரி மூலம், வரி பிறக்கும் இடத்திலேயே எண்ணைக் கொடுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. லைப்ரரிகள் எழுதும் வரிகளுக்கும் எண் கிடைக்கும். இல்லாவிட்டால் ஃபோமெட்டர் கேட்கும் புலம் அந்த வரிகளில் இல்லை என்று திரை முழுக்க லொகிங் எரர் கொட்டும்.

6. ஃபைல் ஹேண்ட்லர்: நிதானமாகச் செய்ய வேண்டிய படி

கொன்சோல் ஹேண்ட்லரை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஸ்ட்ரீம் ஹேண்ட்லர், மட்டம் வோர்னிங், நேரமில்லாத சின்ன ஃபோமெட்டர். அது இயல்பாக எழுதுவது பிழைச் செய்திகளுக்கான எஸ்டிடி எரருக்கு, சாதாரண வெளியீட்டுக்கான எஸ்டிடி அவுட்டுக்கு அல்ல. அவ்வளவுதான்.

ஃபைல் அப்படி அல்ல.

முழுப் பாதை. வெறும் ஃபைல் பெயரைக் கொடுத்தால், புரோகிராமை எந்த ஃபோல்டரில் நின்று தொடங்கினீர்களோ அங்கே ஃபைல் உருவாகும். ஒரே புரோகிராமின் லொக் நான்கு ஃபோல்டர்களில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்லாஷில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள்.

என்கோடிங். எழுத்துகளைப் பைட்டாக மாற்றும் முறை இது. யூடிஎஃப்-8 என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் அந்தக் கணினியின் அமைப்பைப் பொறுத்து மாறும். ரஸ்பெரி பையில் தமிழ்ப் பெயர்கள் சரியாக வரும். அதே புரோகிராமை ஆபீஸ் விண்டோஸ் கணினிக்குக் கொண்டுபோனால் முதல் தமிழ் எழுத்திலேயே என்கோட் எரர் வரலாம். கொழுந்து எடுப்பவர்களின் பெயரைத் தமிழில் பதியும் புரோகிராமுக்கு இது விளையாட்டு அல்ல.

சுழற்சி. சாதாரண ஃபைல் ஹேண்ட்லர் வளர்ந்துகொண்டே போய் கார்டை நிரப்பும். கார்டு நிரம்பினால் எஸ்கியூலைட்டும் எழுத முடியாது, நிறுவையே நிற்கும். ஆகவே ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர். ஃபைல் ஓர் அளவுக்கு வந்ததும் அதைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும், மிகப் பழையதை அழிக்கும். அதில் ஒரு ஃபைலின் உச்ச அளவைச் சொல்லும் மேக்ஸ்பைட்ஸ், எத்தனை பழைய ஃபைல் வைத்திருப்பது என்று சொல்லும் பேக்கப்கவுண்ட் என்று இரண்டு எண்கள். இரண்டும் இயல்பாகப் பூச்சியம். இரண்டில் ஒன்று பூச்சியமாக இருந்தாலும் சுழற்சி நடக்கவே நடக்காது, எந்த எச்சரிக்கையும் வராது. மேக்ஸ்பைட்ஸை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

எண்களைக் குத்துமதிப்பாகப் போடாமல் கணக்குப் பார்த்துப் போடுங்கள். எங்கள் கணக்கு இப்படி. 120 பேர், நாளுக்கு மூன்று நிறுவை, ஒரு நிறுவைக்கு ஆறு வரி: 2,160 வரிகள். ஒரு வரிக்கு 200 பைட் என்று வைத்தால் நாளுக்கு 4,32,000 பைட். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் போகும், 'கொ' என்றால் இரண்டு குறியீடு, 6 பைட். தமிழ் நிறைய இருந்தால் கூட்டிக்கொள்ளுங்கள். எத்தனை நாளைக்கு வைத்திருக்க வேண்டும்? சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதியளவில் கைக்கு வரும். மாத முதல் நாள் எடுத்த கொழுந்தைப் பற்றிய கேள்வி அப்போதுதான் எழும்பும். நாற்பது நாள் ஆகிவிட்டது. விசாரித்து முடிய இன்னும் சில வாரங்கள். நான் எழுபது நாள் வைக்கிறேன். மேக்ஸ்பைட்ஸ் 10 லட்சம், பேக்கப்கவுண்ட் 30. நடப்பு ஃபைலையும் சேர்த்து 31 ஃபைல், மொத்தம் 31 மெகாபைட், சுமார் 71 நாள். 1ஆம் படியில் குறித்த இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாளுக்கு ஒரு ஃபைல் என்றால் அழகாக இருக்குமே என்று டைம்ட் ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரைத் தேடுவீர்கள். சரியான கடிகாரம் உள்ள இடத்தில் நல்லது. கடிகாரம் முன்னும் பின்னும் தாவும் பெட்டியில் எப்போது சுழலும் என்று சொல்ல முடியாது. அதோடு அது நள்ளிரவு ஆனதும் தானாகச் சுழலாது. நள்ளிரவுக்குப் பின் முதல் வரி வரும்போதுதான் சுழலும். மடுவத்தில் அளவைப் பார்த்துச் சுழற்றுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

இரண்டு புரோகிராம், ஒரு ஃபைல். நிறுவைக்கு ஒரு புரோசெஸ், அனுப்புவதற்கு ஒரு புரோசெஸ் என்று பிரித்திருந்தால் இரண்டையும் ஒரே ஃபைலுக்கு எழுத விடாதீர்கள். ஒன்று சுழற்றும்போது மற்றது பழைய ஃபைலையே பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் பெயர் மாற்றவே விடாமல் அனுமதிப் பிழை வரும். ஆளுக்கொரு ஃபைல் கொடுங்கள், வேலை முடிந்தது. ஒரே புரோசெஸுக்குள் பல திரெட் என்றால் பயமில்லை, ஹேண்ட்லரே பூட்டுப் போட்டுக்கொள்கிறது.

கரண்ட் போகும் நேரம். ஒவ்வொரு வரியையும் எழுதியதும் ஹேண்ட்லர் ஃபிளஷ் செய்கிறது. அது பைதனின் கையிலிருந்து இயங்குதளத்தின் கைக்குப் போவது மட்டும்தான். அங்கிருந்து கார்டுக்குப் போகச் சில விநாடிகள் எடுக்கலாம். இடி மின்னலோடு கரண்ட் போனால் கடைசிச் சில வரிகள் இல்லாமல் போகும். வரியை எழுதும் எமிட் ஃபங்ஷனை மேலெழுதி, உடனே கார்டுவரை எழுதச் சொல்லும் எஃப்சிங்க் போடலாம். ஒவ்வொரு வரிக்கும் போட்டால் வேகம் குறையும், கார்டும் சீக்கிரம் தேயும். எரர் மட்டத்திலும் அதற்கு மேலும் உள்ள வரிகளுக்கு மட்டும் போடுங்கள்.

எடை தொலைந்துவிடுமே என்று லொக்கைக் கணக்குப் புத்தகம் ஆக்கப் பார்க்காதீர்கள். எடையின் இடம் எஸ்கியூலைட், அது கொமிட்டின்போது தானே கார்டுவரை எழுதிவிடும். எடை எப்படி வந்தது என்பதைச் சொல்வதுதான் லொக்கின் வேலை.

7. மெயில் ஹேண்ட்லர்: நேராக மாட்டக் கூடாதது

மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி ஹேண்ட்லரை ரூட்டில் நேராக மாட்டினால் என்ன நடக்கும்? எரர் வந்ததும், அதை எழுதிய திரெட்டே மெயில் அனுப்பப் போகும். இணைப்பு இல்லாத நேரத்தில் இயல்பான காத்திருப்பு 5 விநாடி. அந்த 5 விநாடியும் தராசு வாசிப்பு நிற்கும். வரிசையில் கூடையோடு நிற்பவர்கள் மழையில் நிற்பார்கள். இணைப்பு போனதுதான் எரருக்கே காரணம் என்றால் ஒவ்வொரு எரருக்கும் இன்னொரு 5 விநாடி.

ஆகவே நடுவில் ஒரு கியூ, அதாவது வரிகள் காத்திருக்கும் வரிசை. ரூட்டில் கியூ ஹேண்ட்லரை மாட்டுங்கள். கியூ லிசனர் தனித் திரெட்டில் நின்று மெயில் ஹேண்ட்லருக்கு எடுத்துக் கொடுக்கும். தராசு திரெட் வரியைக் கியூவில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

லிசனர் இயல்பாக ஹேண்ட்லரின் மட்டத்தைப் பார்ப்பதே இல்லை. மெயில் ஹேண்ட்லரை எரரில் வைத்திருந்தாலும், கியூவுக்கு வந்த டீபக் வரிகூட மெயிலாகப் போகும். ரெஸ்பெக்ட் ஹேண்ட்லர் லெவலை ட்ரூ ஆக்குங்கள். நான் கியூ ஹேண்ட்லருக்கும் எரர் மட்டமே வைக்கிறேன், இரட்டைப் பூட்டு. இதை விட்டுவிட்ட ஒரு தம்பியின் மெயில் பெட்டிக்கு ஒரு காலை நிறுவையிலேயே நூற்றுக்கணக்கில் மெயில் வந்து, மெயில் சேவை அவருடைய கணக்கைப் பூட்டிவிட்டது.

லிசனரை ஸ்டார்ட் செய்ய வேண்டும், புரோகிராம் முடியும்போது ஸ்டொப் செய்ய வேண்டும். ஸ்டொப்பை, புரோகிராம் முடியும்போது தானாகக் கூப்பிடும் ஏடிஎக்சிட்டில் பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் கியூவில் மிச்சம் இருப்பவை அப்படியே போய்விடும். கடைசி எரர்தான் பெரும்பாலும் நமக்குத் தேவையான எரர்.

ஃபைல் ஹேண்ட்லரையும் இதே கியூவுக்குப் பின்னால் வைக்கலாமே என்று தோன்றும். இணையத்தில் அப்படித்தான் காட்டுவார்கள். கரண்ட் போகும் ஊரில் வேண்டாம். கியூ இருப்பது நினைவகத்தில், கரண்ட் போனால் எல்லாம் போகும். ஃபைலை நேராக ரூட்டில் மாட்டுங்கள்.

தராசுக் கேபிள் கழன்றால் விநாடிக்கு ஐந்து எரர் வரும். மெயில் ஹேண்ட்லரில் ஒரு சின்ன ஃபில்டர் போட்டு, அதே செய்தி பத்து நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் தள்ளிவிடுங்கள். மெயில் கடவுச்சொல்லைக் கோடுக்குள் எழுதாமல் சூழல் மாறியிலிருந்து எடுங்கள்.

ஃபில்டர் என்றதும் ஒன்று. தொலைபேசி எண், அடையாள அட்டை எண் போன்றவற்றை மறைக்கும் ஃபில்டரை லொகரில் மாட்டினால் பயனில்லை. லொகரின் ஃபில்டர் அந்த லொகரிலேயே நேராக எழுதியவற்றை மட்டும் பார்க்கும், பிள்ளைகளிடமிருந்து ஏறி வருபவற்றைப் பார்க்காது. ஹேண்ட்லரில் மாட்டுங்கள்.

8. எல்லாவற்றையும் டிக்ட்கொன்ஃபிக்கில் சேருங்கள்

இதுவரை தாளில் இருந்தது இப்போது கோடுக்கு வருகிறது. டிக்ட்கொன்ஃபிக் என்றால் முழு அமைப்பையும் ஒரே டிக்ஷனரியில் எழுதிக் கொடுக்கும் வழி. ஒரே அழைப்பில் ரூட்டை அமைக்கும் பேசிக்கொன்ஃபிக் சின்ன ஸ்கிரிப்டுக்குச் சரி. ஆனால் ரூட்டில் ஏற்கெனவே ஒரு ஹேண்ட்லர் இருந்தால் அது ஒன்றுமே செய்யாமல் மௌனமாகத் திரும்பும். ஏதோ ஒரு லைப்ரரி முந்திக்கொண்டிருந்தால் உங்கள் அமைப்பு வீண். ஃபோர்ஸ் ட்ரூ கொடுத்துச் சமாளிக்கலாம். மூன்று ஹேண்ட்லர் என்றானபின் டிக்ட்கொன்ஃபிக்தான் வசதி.

உள்ளே எழுதும் வரிசை: வேர்ஷன் 1, பிறகு ஃபோமெட்டர்கள், ஃபில்டர்கள், ஹேண்ட்லர்கள், லொகர்கள், கடைசியில் ரூட். டிக்ஷனரிக்கு இந்த வரிசை முக்கியமில்லை, வாசிப்பவருக்கு முக்கியம். ஒவ்வொன்றும் தனக்கு மேலே சொன்னதைப் பெயரால் கூப்பிடுகிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் புரோகிராம் எழும்பாது. அது நல்லதுதான், உடனே தெரிந்துவிடும்.

டிசேபிள் எக்சிஸ்டிங் லொகர்ஸ் என்று ஒரு சாவி உண்டு. சொல்லாவிட்டால் அது ட்ரூ. அமைப்பு ஓடுவதற்கு முன்பே பிறந்த, கொன்ஃபிக்கில் தன் பெயரோ தாயின் பெயரோ சொல்லாத எல்லா லொகர்களின் வாயையும் அடைத்துவிடும். மொடியூலின் தலையில் லொகரை எடுத்திருப்பதால், இம்போர்ட் ஆனவுடனேயே அவை பிறந்துவிடுகின்றன. விளைவு: பிழை எதுவும் இல்லை, வரியும் இல்லை. ஃபோல்ஸ் என்று எழுதுங்கள். எப்போதும்.

டிக்ட்கொன்ஃபிக்கை ஆரம்ப ஃபைலில் ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள், தராசைத் திறப்பதற்கு முன். ஓட்ட எண்ணைக் கொடுக்கும் ஃபெக்டரி அதற்கும் முன். திறந்த பிறகு அமைத்தால் தராசு திறக்காத பிழையே பதிவாகாது.

3.12 முதல் கியூ ஹேண்ட்லரையும் லிசனரையும் இதற்குள்ளேயே சொல்லலாம். ஆனால் லிசனர் தானாக ஓடத் தொடங்காது. கெட்ஹேண்ட்லர்பைநேம் மூலம் கியூ ஹேண்ட்லரை எடுத்து, அதிலுள்ள லிசனரை நீங்கள்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பழைய பதிப்பில் கியூப் பகுதியை டிக்ட்கொன்ஃபிக்குக்குப் பின் கையால் எழுதுங்கள்.

9. மடுவத்துக்குக் கொண்டுபோகுமுன் உடைத்துப் பாருங்கள்

முதலில் ஐந்து மட்டங்களிலும் ஒவ்வொரு வரி எழுதுங்கள். ஃபைலில் ஐந்து, திரையில் மூன்று, மெயிலில் இரண்டு வர வேண்டும். எண்ணிக்கை கூடினால் 3ஆம் படிக்கும், குறைந்தால் 4ஆம் படிக்கும் திரும்புங்கள்.

மேக்ஸ்பைட்ஸை 2,000 ஆக்கி ஐம்பது வரி எழுதுங்கள். ஃபைல்கள் புள்ளி 1, புள்ளி 2 என்று வருகின்றனவா? புள்ளி 1தான் புதியது, எண் கூடக்கூடப் பழையது. முடிந்ததும் எண்ணைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள்.

இணைப்பைக் கழற்றிவிட்டு ஓர் எரர் எழுதுங்கள். தராசு நிற்கக் கூடாது. மெயில் போகாது, அந்தச் செய்தி தொலையும், திரையில் லொகிங் எரர் என்று வரும். லொக் எழுத முடியாததற்காகப் புரோகிராம் விழாது. இந்த லைப்ரரி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆகவே விழவில்லை என்பதை வைத்து லொக் சரியாக எழுதப்படுகிறது என்று நினைக்க வேண்டாம்.

பிறகு பிளக்கைப் பிடுங்குங்கள். உண்மையாகவே. மறுபடி ஓட்டி, ஓட்ட எண் கூடியிருக்கிறதா, கடைசியாக எழுதிய எரர் ஃபைலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எக்செப்ட் பகுதிகளிலும் ஒரு கண் வையுங்கள். அங்கே எரர் என்று மட்டும் எழுதினால் எந்த வரியில் விழுந்தது என்று தெரியாது. லொகரின் எக்செப்ஷனைக் கூப்பிட்டால் முழுத் தடமும் ஃபைலில் விழும்.

இதையெல்லாம் செய்து முடித்து இரண்டு வாரம் கழித்து ஒரு சாயந்திரம் அதே கோளாறு மறுபடி வந்தது. இம்முறை ஃபைலில் இது இருந்தது (31 ஓட்ட எண், அதற்கடுத்தது வரி எண்):

16:42:07,118 | 31-04183 | டீபக் | தராசு.வாசிப்பு | வந்தது '2', வரி முடிவு இல்லை
16:42:07,119 | 31-04184 | டீபக் | தராசு.வாசிப்பு | துண்டு, விட்டுவிட்டேன்
16:42:07,322 | 31-04185 | டீபக் | தராசு.வாசிப்பு | வந்தது '3.40', வரி முடிவு உண்டு
16:42:07,325 | 31-04186 | இன்ஃபோ | தராசு.சேமிப்பு | எடை 3.40 பதிந்தது

சீரியல் வாசிப்பின் காத்திருப்பு நேரத்தை நான் பூச்சியமாக வைத்திருந்தேன். தராசு 23.40 என்று அனுப்பிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் எட்டிப் பார்த்து, வந்த 2ஐ மட்டும் எடுத்துத் துண்டு என்று எறிந்திருக்கிறது. மிச்சம் வந்த 3.40 முழு எடை மாதிரியே இருந்தது. எறியாமல் கையில் வைத்திருந்து, வரி முடிவு வந்த பிறகு சேர்த்து வாசிக்கும்படி மாற்றினேன். மூன்று வரி கோட்.